ரவுண்டு முடியும்வரை காய்ச்சல் காத்திருக்காது



ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது என்னுடைய கேள்வி அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா என்னிடம் கேட்டது. அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. முதுகின் வலப்பக்கம் தொடங்கி மார்புக்குக் கீழே வரை, ஒரு கை அகலத்துக்குக் கொப்புளங்கள் வரிசையாக உடைந்து காய்ந்திருந்தன. கூடை முதுகில் உராய்கிற இடமும் அதுவே. கயிறு பட்டு உரிந்துவிட்டது என்று நினைத்து, அதன்மேல் ஒரு பழைய துவாயை மடித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் மலைக்குப் போயிருக்கிறார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான் உண்ணிக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். அவர் கேட்டார்: "டாக்டரய்யா, அந்த உண்ணிக் காய்ச்சல்தான் திரும்பி வந்திருச்சா?"

இல்லை. திரும்பி வந்தது வேறு. சிறுமியாக இருந்தபோது அவருக்கு வந்து போன சின்னம்மையின் கிருமி, நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் உடம்பிலேயே உறங்கிக் கிடந்து, இப்போது அக்கியாக விழித்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய். இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில், ஒன்றன் பின் ஒன்றாக வரக்கூடும். அதை எப்படிப் பிரித்து அறிவது, எப்படிச் சமாளிப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் உண்ணியைப் பார்ப்போம். நமக்கு அட்டையைத் தெரிந்த அளவுக்கு உண்ணியைத் தெரியாது. அட்டை கடித்தால் இரத்தம் வழியும், உடனே தெரியும். உப்பு, சவர்க்காரம், சுண்ணாம்பு எதையாவது வைத்தால் விழுந்துவிடும். அட்டையால் இந்தக் காய்ச்சல் வராது. உண்ணி அப்படியல்ல. கடிக்கும்போது வலிக்காது. குஞ்சு உண்ணி எள்ளை விடச் சிறியது. நாய், மாடு, ஆடு, காட்டுப்பன்றி இவற்றின் மேலிருந்து புல்லுக்கு வருகிறது. புல்லிலிருந்து நம் மேல் ஏறுகிறது. மாட்டுக்குப் புல் அறுத்துத் தலையில் கட்டாகச் சுமந்து வருகிறவர்களின் கழுத்திலும் காதுக்குள்ளும் உண்ணி இருப்பதை இலங்கை வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அட்டைக்குச் செய்வதை உண்ணிக்கும் செய்வதுதான் நாம் விடுகிற முதல் பிழை. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய சாவணத்தால், தோலை ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். பிறகு அந்த இடத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காதுக்குள் இருந்தால் ஊசியாலோ குச்சியாலோ நோண்டாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்.

உண்ணியின் உமிழ்நீரில் வருகிற கிருமிக்கு ரிக்கெட்சியா என்று பெயர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், இந்த வகைக் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று 1906-இல் காட்டிய ஹவார்ட் ரிக்கெட்ஸ் என்ற வைத்தியரின் பெயர் அது. அவர் 1910-இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போய், அதே காய்ச்சலில் 39 வயதில் இறந்துபோனார். ரிக்கெட்சியா ஒரு பக்டீரியா. ஆனால் இரத்தத்தில் மிதந்து திரிவதில்லை. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் கலங்களுக்குள் புகுந்து அங்கே பெருகுகிறது. அதனால்தான் தலைவலி தாங்க முடியாமல் வருகிறது, உடம்பெங்கும் புள்ளிகள் வருகின்றன, முற்றினால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன.

நம் மலைநாட்டில் இந்தக் காய்ச்சலின் முகத்தைத் தெளிவாக எழுதிவைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சேனாநாயக்க குலரத்ன. மத்திய மாகாணத்து மலைப்பகுதியில் ரிக்கெட்சியாக் காய்ச்சல் எப்படி வருகிறது என்பதைப் பற்றி அவரும் அவருடைய குழுவினரும் 2003-இல் எழுதினார்கள். யாழ்ப்பாணம் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் சிறு பூச்சி ஒன்று பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் அதிகம். அங்கே கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும்; அதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். நம் மலையில் வருவது பெரும்பாலும் புள்ளிக் காய்ச்சல் வகை. இதில் அந்தப் பொருக்கு பலருக்கு இருப்பதேயில்லை. மூன்று நான்கு நாள் கழித்துப் புள்ளி வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். சிலருக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கி, வாதம் என்று நினைக்க வைத்துவிடும். கடுமையான சிலருக்குத் தோல் கறுத்து, பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படிக்கிறோமே, அந்தச் செடியின் இலை வடிவில் தழும்பு விழும். பேராதனை வைத்தியர்கள் இதையும் பதிந்திருக்கிறார்கள்.

இந்த ரிக்கெட்சியாக் காய்ச்சல்களெல்லாம் டைபஸ் காய்ச்சல் என்ற பெயரில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள். தொற்றுநோய்ப் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் அதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. அதில் யாழ்ப்பாணம் முன்னால் நிற்கும். நுவரெலியாவும் பதுளையும் ஆண்டுக்காண்டு இடம்பிடிக்கும். ஆகவே இது எங்கோ நடப்பதல்ல.

இதற்கு மருந்து இருக்கிறது. விலை குறைந்த மருந்து. டொக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளைக்கு இரு முறை. சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. அதை வைத்தியர் தீர்மானிப்பார். ஒன்றை மனதில் வையுங்கள்: அமொக்சிசிலினும் பெனிசிலினும் இந்தக் கிருமியைத் தொடாது. கடையில் நாலு நிறத்தில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்தால், அந்த ஒரு வாரமும் கிருமிக்குத்தான். டொக்ஸிசைக்ளினைப் பாலோடு விழுங்காதீர்கள். நம் பெண்கள் பலர் சாப்பிடுகிற இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். அவை மருந்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நிறையத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள்.

நான் சொன்ன அம்மாவுக்கு இந்த மாத்திரை ஒன்பதாம் நாளில்தான் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு இடத்தில் வேறு மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. டொக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் அவர் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், விழாது.

இப்போது உறங்கிக் கிடந்த கிருமிக்கு வருவோம். அம்மை வந்து இறங்கினால், தலைக்குத் தண்ணீர் வார்த்தால், அம்மா போய்விட்டாள் என்று நம் வீடுகளில் சொல்வோம். தோலை விட்டுப் போய்விடும், அது உண்மை. ஆனால் அந்த வைரஸ் நரம்புகளின் வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதற்குக் காவல் இருக்கிறது. வயது ஏறும்போது, நீரிழிவு முற்றும்போது, கடுமையான நோயில் உடம்பு தளரும்போது, ஸ்டீரொய்ட் மருந்து எடுக்கும்போது காவல் தளர்கிறது. அப்போது ஒரே ஒரு நரம்பு வழியாக வைரஸ் கீழிறங்கித் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் எரியும், குத்தும், துணி பட்டாலும் கூசும்.

இதைக் கண்டுபிடித்த விதத்தை இந்த அவையில் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் கண்டுபிடித்தவர் பெரிய ஆய்வுகூடத்துக்காரர் அல்ல. இங்கிலாந்தின் சிரன்செஸ்டர் என்ற சிற்றூரில் இருந்த ஒரு சாதாரணக் குடும்ப வைத்தியர். எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்று பெயர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகள் ஒவ்வொருவரையும் 16 ஆண்டுகள் எழுதிவைத்தார். ஷெட்லாந்துத் தீவுகளில் யெல் என்ற சிறு தீவுக்கும் போய்க் குடும்பங்களின் நோய் வரலாற்றைத் திரட்டினார். அக்கி வெளியிலிருந்து தொற்றுவதல்ல, பழைய அம்மையே உள்ளிருந்து விழிப்பது என்று 1965-இல் எழுதினார். பின்னாளில் ஆய்வுகூடங்கள் அது சரியென்று நிறுவின. கையில் ஒரு கொப்பியும் பேனாவும், நோயாளி சொல்வதைக் கேட்கும் பொறுமையும் இருந்தால், ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்தும் உலகத்துக்கு ஓர் உண்மையைச் சொல்லலாம்.

அந்த அம்மாவுக்கு உண்ணிக் காய்ச்சல்தான் அக்கியை வரவழைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வயதே அதற்குப் பெரிய காரணம். ஆனால் எட்டு நாள் சரியான மருந்தில்லாத காய்ச்சல், குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாமல் திரும்பிய வேலை என்று அந்த உடம்பின்மேல் சுமை சேர்ந்துகொண்டே இருந்தது. காய்ச்சலோடு உதட்டில் கொப்புளம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் உறங்கும் வைரஸ் ஒன்று காய்ச்சலில் விழிப்பதுதான். அது தானாக ஆறிவிடும். அக்கி அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல.

அக்கிக்கும் மருந்து உண்டு. அசைக்ளோவிர். இதை உருவாக்கிய பணியில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியவர்களுக்கு 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். சிறுநீரக நோய் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முதல் கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் இதன் முழுப் பலன் கிடைக்கும்.

நம் தோட்டத்தின் கணக்கு இங்கேதான் குறுக்கே வருகிறது. ஒரு மலையில் கொழுந்தெடுத்துவிட்டு மறுபடி அதே மலைக்கு வர ஏறத்தாழ ஏழு நாள். அதுதான் ஒரு ரவுண்டு. அந்த அம்மாவிடம் ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். "இந்த ரவுண்டு முடியட்டும்னு இருந்தேங்கய்யா" என்றார். ரவுண்டுக்கு ஏழு நாள். மருந்துக்கு மூன்று நாள். அந்த நான்கு நாள் இடைவெளிக்குப் பின் அவர் அனுபவித்தது பதினான்கு மாத நரம்பு வலி. கொப்புளம் ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அந்த வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் கிளினிக்கில் கொடுக்கிறோம். ஆனால் அவை வலியைத் தணிக்குமே தவிர, தவறவிட்ட மூன்று நாளைத் திருப்பித் தரா.

அக்கி எழுதுவதைப் பற்றியும் கேட்பீர்கள். காவிமண்ணைக் குழைத்துச் சிங்கம் எழுதுவது நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். மனத்துக்கு ஆறுதல் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் முதலில் மருந்து. உடைந்த கொப்புளத்தின்மேல் மண் பட்டால் சீழ் பிடிக்கும். ஆகவே அதன்மேல் எழுத வேண்டாம். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அன்றைக்கே வர வேண்டும்.

இன்னொன்று. அக்கிக் கொப்புளத்து நீரில் அம்மை வைரஸ் இருக்கிறது. அம்மை வராத ஒருவர்மேல் அது பட்டால் அவருக்கு அம்மை வரும். குளிர் நாடுகளில், தடுப்பூசி பரவும் முன், பெரும்பாலும் சின்ன வயதிலேயே அம்மை வந்துவிட்டது. நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் வளர்ந்த பிறகும் அம்மை வராதவர்கள் பலர் இருக்கிறார்கள். பேராசிரியர் நீலிகா மலவிகே முதலானோர் கொழும்பு மாவட்டத்தில் செய்த ஆய்வும் இதைக் காட்டியது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அம்மை கடுமையாக வரும். ஆகவே அக்கி வந்தவர் கொப்புளம் காயும்வரை அதை மூடி வைக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவருக்கு அக்கி வந்தால் பிள்ளைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் ஒரே பாயில் படுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். துவாயையும் போர்வையையுமாவது பிரித்து வையுங்கள்.

சரி, இரண்டுக்கும் மருந்து கொடுத்த பிறகும் சிலருக்கு உடம்பு தேறுவதில்லை. மாதக்கணக்கில் அசதி, மூட்டு வலி, தூக்கமின்மை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் இவர்களுக்கு லைம் நோய் என்று சொல்லி அனுப்புகிறார்கள். லைம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணியால் வருவது. அதன் கிருமியை வில்லி பர்க்டோர்ஃபர் கண்டறிந்தது 1982-இல் வெளியானது. அங்கே அதைப் பரப்புகிற உண்ணி வகை நம் மலையில் இல்லை. நம் ஊரில் உண்ணிக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு முதலில் ரிக்கெட்சியாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதோடு, லைமுக்குப் பின் நீடிக்கும் அசதிக்கு மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மேலும் 12 வாரம் மருந்து கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இன்னும் சிலர் தனியார் ஆய்வுகூடச் சீட்டோடு வருகிறார்கள். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் "பொசிட்டிவ்" என்று அதில் எழுதியிருக்கும். இந்த வைரஸ் உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் உண்டு. வாழ்க்கையில் ஒருமுறை வந்தால் அதற்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் இரத்தத்தில் கடைசிவரை இருக்கும். அது பழைய வரவின் அடையாளம். இன்றைய நோயின் சான்று அல்ல. மற்றபடி ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த வைரஸ் விழித்தாலும் அசைக்ளோவிர் பலன் தராது. அந்தச் சீட்டுக்கும் அதற்கான மருந்துக்கும் நகையை அடகு வைக்காதீர்கள்.

அப்படியானால் அந்த அசதி பொய்யா? பொய்யே இல்லை. அவுஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில், மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரை வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்று எப்ஸ்டீன்-பார். ஒன்று ஆடு மாடுகளிலிருந்து வரும் கியூ காய்ச்சல். இன்னொன்று நுளம்பால் வரும் ரொஸ் ரிவர் காய்ச்சல். ஆறு மாதம் கழித்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு அசதி விடவில்லை. எந்தக் கிருமி என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதே தீர்மானித்தது. நமக்கு இதில் இருக்கும் பாடம் தெளிவு: முதல் காய்ச்சலைச் சீக்கிரம் அடக்குவதே நம் கையில் இருப்பது.

நீடித்த அசதியோடு வருகிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது. வைத்தியர் செய்ய வேண்டியது, காசநோய், இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு இவற்றைப் பரிசோதித்துப் பார்ப்பது. மூட்டு வீக்கத்தைப் பார்த்ததும் ஸ்டீரொய்ட் எழுதும் முன் ரிக்கெட்சியாவை நினைப்பது. குடும்பம் செய்ய வேண்டியது, தண்ணீர் சுமப்பதையும் விறகு சுமப்பதையும் சில வாரம் மற்றவர்கள் ஏற்பது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17. சின்ன வயதிலிருந்தே இப்படிக் குறைவான சாப்பாட்டில் வளர்ந்த உடம்புக்கு நோயிலிருந்து எழக் கூடுதல் நாள் வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிக்கெட்சியாக் காய்ச்சலில் எழுந்தவருக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள். பிறகு சில நாள் அரைப்பேருக்குரிய வேலையை முழுப்பேராகக் கணக்கில் எழுதுங்கள். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் டொக்ஸிசைக்ளின் இருக்கட்டும். அசைக்ளோவிர் தேவைப்படுகிறவரை அன்றைக்கே டிக்கோயா வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ அனுப்ப வாகனம் இருக்கட்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இந்த ஓய்வு நாளையும் கோரிக்கையில் எழுதிக்கொண்டு போகட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி விடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காய்ச்சல் தொடங்கிய தேதியை முதல் வரியில் எழுதுங்கள். புள்ளியோ கொப்புளமோ தெரிந்த தேதியை இரண்டாம் வரியில். மருந்து தொடங்கிய தேதியை மூன்றாம் வரியில். உண்ணி கடித்தது, புல் அறுக்கப் போனது நினைவிருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பாடசாலைப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அந்த மூன்று தேதியும் கையில் இருந்தால், எந்த வைத்தியரும் சரியான மருந்துக்குப் பாதி வழி வந்துவிடுவார். காய்ச்சல் மூன்று நாள் விடவில்லையென்றாலோ, உடம்பின் ஒரு பக்கம் எரிந்து கொப்புளம் வந்தாலோ, ரவுண்டு முடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள்.